ரோகிணிப் பெட்டி

முப்பத்தெட்டு என்று எழுதிய அட்டை வாசுகியின் உள்ளங்கை வியர்வையில் நமத்துப்போயிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இப்போது இருபத்தாறு. இன்னும் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, எல்லோரும் பேசுவார்கள், தன் முறை வரும்போது மணி ஒன்றாகிவிடும், சாப்பாட்டு நேரம் என்று தடுப்பை இழுத்துச் சாத்திவிடுவார்கள், சாத்திவிட்டால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது, சாத்தினால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இதே பொய்யைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று இன்னொரு மனம் சொன்னது. நூலகத்தில் கணக்கெடுப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். கல்லூரி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை யார் கணக்கெடுப்பார்கள் என்று அம்மா கேட்கவில்லை. வாசுகி விஷயத்தில் அம்மா எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யாருக்கோ காதுகுத்து. தாளிப்பு வாடை படியேறி வந்து இந்த மாடிக் கூடத்தின் மின்விசிறிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சாதிசனம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளின் ஜாதகத்தை மடியில் கட்டிக்கொண்டு இந்தத் திருமணத் தகவல் மையத்துக்கு வருகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள், அப்பாக்கள், ஒரு தாய்மாமன். கல்யாணம் ஆக வேண்டியவர்களில் ஒருவர்கூட இல்லை, வாசுகியைத் தவிர. அதனாலேயே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். துணிக்கடையில் விலை கேட்கும் உத்தேசமில்லாமல் சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க இரும்பு அடுக்கு, அதில் இருபத்தேழு தகரப் பெட்டிகள், நட்சத்திரத்துக்கு ஒன்று, அசுவினியில் ஆரம்பித்து ரேவதி வரைக்கும் மஞ்சள் பெயின்டில் பெயர் எழுதியிருந்தது. நான்காவது பெட்டி ரோகிணி, பாதிகூட நிரம்பவில்லை, வருகிற கோப்புகளை அவ்வளவு வேகமாக எடுத்துப் போய்விடுகிறார்களாம். ஒன்பதாவது ஆயில்யம். அது மூடி போட முடியாமல் பிதுங்கிக்கொண்டு, மேலே இருந்த கோப்புகளின் ஓரம் வெயில் பட்டுப் பழுத்திருந்தது.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். என் அக்கா சுகந்தி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் பெயருக்கு நீங்கள் அனுப்புகிற தபாலை நிறுத்துங்கள். காலையில் பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தாள், பேருந்தில் சொல்லிப் பார்த்தாள், சொல்லச் சொல்ல முதல் வாக்கியம் பொய்போல ஆனது, இரண்டாவது வாக்கியம் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதுபோல ஆனது. முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமா? செத்தவள் சார்பாக வருகிறவள் வணக்கம் சொல்லலாமா? பைக்குள் இறப்புச் சான்றிதழின் நகல் இருந்தது, நான்காக மடித்தது. கை அடிக்கடி போய் அதைத் தொட்டுவிட்டு வந்தது. மாதா மாதம் முதல் வாரம் மையத்தின் வரன் பட்டியல் வரும். நடுவில், ஜாதகம் பொருந்துகிறதா பாருங்கள் என்று யார் யாரோ அனுப்புகிற உறைகள் வரும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. எல்லாவற்றின் மேலும் மையம் ஒட்டிய அச்சுத்துண்டு: செல்வி சு. சுகந்தி, பதிவு எண் 2214. செல்வி. தபால்காரர் வாசலில் நின்று, சுகந்திப் பாப்பாவுக்கு இன்னைக்கும் வந்திருக்கு என்பார், அவருக்கும் தெரியும், சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வார், அடுத்த மாதம் மறந்துபோய் மறுபடி சொல்வார். செத்த பிறகும் அவளுக்குத்தான் தபால். இருபத்தேழு வருஷத்தில் வாசுகியின் பெயருக்கு இந்த உலகத்திலிருந்து வந்தவை ஒரு தேர்வு நுழைவுச்சீட்டு, ஒரு வங்கி அட்டை, வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கல்லூரி அனுப்பிய அரைப் பக்கம். இப்படி நினைத்ததும் கன்னம் சுட்டது. பொறாமை. செத்தவள்மேல் பொறாமைப்படுகிற ஜென்மம். ஆனால் அது பொறாமை மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும். உறைகளை அம்மா உடைக்கிற விதம் இருக்கிறதே. கத்தரிக்கோல் எடுத்து, ஓரத்தை நூல்போல வெட்டி, உள்ளே இருப்பதைப் பூஜை அலமாரி முன்னால் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுப் படிப்பாள். துக்கம், பெற்றவளின் துக்கம், அதைக் கலைக்கக் கூடாது என்று ஒரு வருஷம் வாசுகி வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள், "இதை நிறுத்தச் சொல்லலாமேம்மா" என்றாள். அம்மா நிமிரவில்லை. "வந்தா வந்துட்டுப் போகுது. ஒன்ன என்ன பண்ணுது?" என்றாள். அடுத்த உறையை அம்மா கைக்குப் போகும் முன்பே எடுத்து, பெறுநர் காலமாகிவிட்டார், திருப்பி அனுப்பவும் என்று குறுக்கே எழுதி, கல்லூரி வாசல் தபால்பெட்டியில் போட்டாள். பத்து நாளில் அதே உறை, மேலே புது அச்சுத்துண்டு ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்தது. மையத்துக்குக் கடிதம் எழுதினாள், இரண்டு முறை, நல்ல தமிழில், தேதி போட்டு. பதில் இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற முகமாக இல்லை.

"யாருக்குப் பாப்பா பாக்க வந்திருக்க?" பக்கத்து நாற்காலி. தாட்டியான அம்மாள், வேடசந்தூர் என்று முன்பே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது, மடியில் துணிக்கடைப் பை. யாராவது சட்டென்று பேசினால் வாசுகிக்கு வார்த்தைகள் எல்லாம் பின்வாசல் வழியாக ஓடிவிடும். "அக்காவுக்கு" என்றாள். "அக்கா வரலியா?" "வரலைங்க." "வேலைக்குப் போகுதோ?" இல்லை என்று தலையாட்டினாள். "அதுவும் நல்லதுதான். வீட்டோட இருக்கற பிள்ளைன்னா சொன்ன பேச்சு கேக்கும். வயசென்ன?" "இருபத்தேழு." அதில் பொய் இல்லை, சுகந்திக்கு எப்போதும் இருபத்தேழுதான் இனி. "நட்சத்திரம்?" "ரோகிணி." அந்த அம்மாளின் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ரோகிணியா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன. எம் பையன் டிப்ளமோ, ஓசூர்ல இருக்கான், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, பீடா கூடப் போட மாட்டான். அக்கா ஒன்ன மாதிரி இருக்குமா, இல்ல கலரா?" "கலரா இருப்பா." "பேசுமா? நீ பேசவே காசு கேப்ப போலயே." சிரித்தாள். இருப்பா, இருக்குமா, பேசுமா. செத்துப்போனவள் என்று இப்போது சொல்லலாம், இந்த முகத்தில் ஏற்றிய விளக்கை ஊதி அணைக்கலாம், ஆசையாகக்கூட இருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை, அதற்குள் பையிலிருந்து மஞ்சள் தடவிய ஓர் உறை வெளியே வந்து அவள் கையில் திணிக்கப்பட்டுவிட்டது. "அம்மாகிட்ட குடு. மாமியாக்காரி தங்கமானவன்னு சொல்லு, என்னத்தான் பாத்தியே." இதோ, கையில் இன்னொன்று. நிறுத்த வந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டாகிவிட்டது.

இருபத்தொன்பது. காது குத்துகிற குழந்தை கீழே வீரிட்டு அழுதது, உடனே மேளம் அதை அமுக்கியது. அழுகையை அமுக்கவே மேளம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுகந்திக்குக் காய்ச்சல் ஆறு நாள். டெங்கு என்று நான்காம் நாள்தான் தெரிந்தது. ஐந்தாம் நாள் அவள் தலைமாட்டில் வாசுகி உட்கார்ந்திருந்தபோது, "அந்தக் கொசு ஒன்ன கடிச்சிருக்கக் கூடாதாடி" என்றாள், சிரித்துக்கொண்டுதான், சுகந்தி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், அந்தச் சிரிப்புக்குத்தான் தெருவே அவள்பின்னால் போனது. அது வேடிக்கைதான். வேடிக்கை இல்லாமல் வேறென்ன. ஆனால் அறைக்கதவு பக்கம் அம்மா நின்றிருந்தாள், அம்மா சிரிக்கவில்லை, அம்மா வாசுகியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இரண்டு வருஷமாக வாசுகி வேறு வேறு அர்த்தம் சொல்லிப் பார்த்துவிட்டாள். களைப்பு. பயம். தூக்கமின்மை. எந்த அர்த்தமும் நிற்கவில்லை, எல்லாம் வழுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் வந்து விழுந்தன. ரோகிணியில் பிறந்தவள் போனாள், ஆயில்யத்தில் பிறந்தவள் இருக்கிறாள். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது. வாசுகி பதினோரு வயதில் அதை ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டாள், அத்தை ஒருத்தி ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "சின்னதுக்கு மாமியா செத்த வீடாப் பாத்து வச்சிருக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொஞ்ச நாள், தெரியாத ஒரு கிழவியைத் தான் கொல்லப்போகிறோம் என்று பயந்துகொண்டு படுத்திருக்கிறாள். பிறகு பயம் போய்விட்டது. வெட்கம் மட்டும் தங்கிவிட்டது, கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வராத வெட்கம். போன வாரம் அம்மா, "வெள்ளிக்கெழம லீவு போடு. ஒட்டன்சத்திரத்துலேர்ந்து அப்பாவோட சிநேகிதர் குடும்பம் வருது" என்றாள். அப்பாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் சிநேகிதர் இருப்பதாக அப்பாவுக்கே அப்போதுதான் தெரிந்தது மாதிரி இருந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பெண் பார்க்கத்தான் வருகிறார்கள், அதைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு வாசுகி முட்டாள் இல்லை. கடைசியில் ஆயில்யத்துக்கும் ஒரு வீடு கிடைத்ததா, அந்த மாமியார் எப்போது செத்தாளோ, என்று மட்டும் நினைத்தாள். அவர்கள் வரும்போது மேஜைமேல் செத்தவள் பெயரில் உறை கிடக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கு இங்கே வந்தாள். யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. வீட்டைத் துப்புரவாக்க வந்திருக்கிறாள், அம்மாவுக்கு உதவியாக.

"முப்பத்தெட்டு." கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் ஐம்பது வயதுக்காரி, நெற்றியில் பெரிய பொட்டு, முன்னால் திறந்துவைத்த டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சோறு, மேஜை ஓரத்தில் ஒரு பழைய தொலைபேசி. வாசுகி வணக்கம் சொல்லவில்லை. "ரெண்டாயிரத்து எரநூத்திப் பதினாலு. நீக்கணும்" என்றாள், பேருந்தில் பழகிய இரண்டு வாக்கியமும் அந்த நேரத்துக்குச் செத்துப்போயிருந்தன, சான்றிதழை மட்டும் துவாரத்தின் வழியே தள்ளினாள். பொட்டுக்காரி அதைப் பார்க்காமலே எழுந்துபோய், ரோகிணிப் பெட்டியில் விரலை ஓட்டி, ஒரு கோப்பை உருவிக்கொண்டு வந்து திறந்தாள். கோப்பைப் பார்த்தாள். வாசுகியைப் பார்த்தாள். மறுபடி கோப்பைப் பார்த்தாள். பிறகு சான்றிதழை விரித்துப் படித்தாள், படிக்கப் படிக்க வாய்க்குள் இருந்த சோறு மெல்லப்படாமல் நின்றது. "ஏம்மா, வெளையாடுறியா?" என்றாள். "ஒன்னோட சாவுக்கு நீயே சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்க." கோப்பைத் திருப்பிக் காட்டினாள். அரக்குச் சேலை, ஒரு பக்கமாகச் சாய்த்த தலை, பெரியம்மா பேத்தியின் வளைகாப்பில் எடுத்தது. வாசுகியின் படம். அதற்குக் கீழே நீல மசியில், ல எழுதும்போது கடைசியில் ஒரு சுழி சுழிக்கிற அம்மாவின் கையெழுத்தில்: சுகந்தி (எ) வாசுகி. நட்சத்திரம் ரோகிணி. பிறந்த தேதி சுகந்தியுடையது. பிறந்த நேரம் சுகந்தியுடையது. படிப்பு வாசுகியுடையது. வேலை வாசுகியுடையது. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் ஒரு கோடு. "போன ஆவணியில ஒங்க அம்மா வந்து புதுப்பிச்சாங்க. பழைய போட்டோவுல குண்டா இருக்கான்னு மாத்திக் குடுத்தாங்க" என்றாள் பொட்டுக்காரி. வாசுகியின் இரண்டு கடிதங்களும் அதே கோப்பில் குத்தியிருந்தன. மேலே சிவப்பு மசியில் யாரோ எழுதியிருந்தார்கள்: தாயாரிடம் பேசியாச்சு. பெண் கல்யாணம் வேண்டாம் என்று இப்படி ஏதாவது எழுதுமாம். பொருட்படுத்த வேண்டாம்.

கண்ணாடியில் தன் முகமும் உள்ளே இருந்த படமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, இரண்டும் தன்னுடையவை, இரண்டின் கீழும் வேறு பெயர். காதுக்குள் மேளமா ரத்தமா என்று தெரியாத ஓர் ஓசை. துக்கம் என்று நினைத்தாள், ஒரு வருஷம் முழுக்க, அந்தக் கத்தரிக்கோலை, அந்த மூக்குக்கண்ணாடியை, கட்டத்தின்மேல் ஊர்ந்த விரலைத் துக்கம் என்று நினைத்துக் கால் ஓசை படாமல் நடந்தாள். அம்மா மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். உடன்பிறந்தோர் கோடு. இரண்டு பெண்களில் ஒருத்தி போனாள், எந்த ஒருத்தி என்பதை அம்மா தீர்மானித்துவிட்டாள், படத்தை மட்டும் வேறு வழியில்லாமல் ஒட்டியிருக்கிறாள். இது பாசமா? பாசம்தான் என்று அம்மா சொல்வாள், ஒனக்கு ஒரு வழி பண்ணத்தாண்டி என்பாள், அப்போது அழுவாள், அழுதால் வாசுகி விட்டுக்கொடுப்பாள், எப்போதும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். விட்டுக்கொடுத்தால் என்ன? எட்டுப் பொருத்தம், ஒரு வீடு, ஒரு ஆள். கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார், புருஷன் சுகந்தி, ரோகிணி என்பான், அவளும் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள், அம்மனுக்கு யாரைத் தெரியும். அந்த மாமியாருக்குத் தலை வலித்தால்கூட இவள் மட்டும் நடுங்குவாள், யாரிடமும் சொல்ல முடியாது. சுகந்திக்குத் திதி கொடுக்க முடியாது, உயிரோடு இருக்கிறவளுக்கு யார் திதி கொடுப்பார்கள். அந்தக் கொசு ஒன்ன கடிச்சிருக்கக் கூடாதாடி. கடித்துவிட்டதம்மா, கடித்துவிட்டது. "வாசுகின்னு தனியா ஏதாவது பதிவு இருக்குங்களா?" என்று கேட்டாள். குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. "ஆயில்யத்துல பாருங்க." பொட்டுக்காரி அசையவில்லை. "இல்ல. இருந்தா நாந்தான எழுதியிருப்பேன்." வேடசந்தூர் அம்மாள் எழுந்துவந்து தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள், படித்துவிட்டாள், ஒரு கை முன்னால் வந்து, வாசுகியின் விரலிடுக்கிலிருந்த மஞ்சள் உறையை, பிச்சைக்காரன் தட்டில் தப்பாகப் போட்ட நோட்டை எடுப்பதுபோல உருவிக்கொண்டு போனது.

பொட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "இந்தா பாரு. இத நான் வாங்கினா ஒங்க அம்மா பேரு நாறிப்போகும். மையத்துக்கும் கெட்ட பேரு." நீக்கல் பதிவேட்டைப் புரட்டி நகர்த்தினாள். பெயர், எண், காரணம், கையொப்பம். காரணம் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம்: திருமணம் முடிந்தது. திருமணம் முடிந்தது. திருமணம் முடிந்தது. "இதே மாதிரி போட்டுரு. தபாலும் நின்னுரும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எத்தனையோ பேரு அப்படித்தான் போட்டுருக்காங்க, எல்லாம் கல்யாணமாங்கற?" இதில் எத்தனை சுகந்திகள் என்று வாசுகி நினைத்தாள், வரிசையாகக் கல்யாணம் செய்துவைத்து மூடப்பட்ட எத்தனை பேர். பேனா லேசாகத்தான் இருந்தது. இரண்டே வார்த்தை. யாருக்கும் கோபம் வராத இரண்டு வார்த்தை, அவள் வாழ்க்கை முழுக்கத் தேடித் தேடிப் பேசிவந்த மாதிரியான வார்த்தைகள். இறந்துவிட்டார் என்று எழுதினாள். தேதி எழுதினாள். கையொப்பத்தில் வாசுகி, தங்கை. பொட்டுக்காரி டிபன் டப்பாவை டப்பென்று மூடினாள். "சரி. ஒட்டன்சத்திரத்துக்காரங்க இந்த ஜாதகத்த வச்சு வெள்ளிக்கெழம வராங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன்" என்று எண்களைச் சுழற்றி, தொலைபேசியின் குழலைத் துவாரத்துக்கு வெளியே நீட்டினாள். "இவ்வளவு தைரியம் இருக்கில்ல. சொல்லு."

வீட்டில் தொலைபேசி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுகிறவள் வாசுகி. குழல் எலுமிச்சை மணத்தது. மறுமுனையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பெண் குரல் யாரையோ அதை அணைக்கச் சொன்னது, பிறகு நெருங்கி வந்தது. "யாரு, மையமா?" "இல்லைங்க. திண்டுக்கல் பொண்ணு பேசறேன்." "அட, சுகந்தியா! சொல்லு தாயி, ஒங்கம்மா நல்லாருக்காங்களா?" அன்பான குரல். அதுதான் கஷ்டம், அன்பில்லாத குரலாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முதுகில் முப்பது பேரின் கண். "நான் சுகந்தி இல்லைங்க. சுகந்தி எங்க அக்கா. செத்துப்போயிட்டா, ரெண்டு வருஷமாச்சு. ஒங்ககிட்ட இருக்கற போட்டோ என்னுது, ஜாதகம் அவளுது. எங்க அம்மா மாத்திக் குடுத்துட்டாங்க. நான் வாசுகி, எனக்கு ஆயில்யம்." மறுமுனையில், "இப்படி நீயே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா ஒன்ன யாரு கட்டுவா?" என்றது குரல். அதில் அன்பு போயிருந்தது, ஆனால் அதற்குப் பதில் வந்திருந்தது வெறுப்பும் இல்லை, ஓர் எச்சரிக்கை. "தெரியலீங்க" என்றாள் வாசுகி. "அந்த ஜாதகம் எங்க அக்காவோடது, எங்களுக்கு வேணும். தபால்ல திருப்பி அனுப்பிடுங்க. அனுப்பும்போது உறை மேல வாசுகின்னு போடுங்க. வேற பேரு போட்டு வந்தா நான் வாங்க மாட்டேன்."